தொப்பியும் தலைத்துண்டும்: பட்டாள வரலாற்றில் நம் தலைகள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் சாதி, நிலம், அதிகாரம் என்று கனமான தலைப்பை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாம் இன்று பேசப்போவது தொப்பியைப் பற்றி. பட்டாளத்துத் தொப்பி. சாதியும் நிலமும் அதிகாரமும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

நம் சேரிகள் பலவற்றில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று ஒரு வீடு உண்டு. அந்த வீட்டு டிரங்குப் பெட்டியில், மெடல்களுக்கும் பென்ஷன் புத்தகத்துக்கும் பக்கத்தில், துணி சுற்றி ஒரு தொப்பி இருக்கும். பேரப்பிள்ளைகள் எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் ஓடினால் தாத்தா கத்துவார். டீக்கடையில் அவரைக் கண்டால், "என்ன மிலிட்டரி, தொப்பி எங்கே?" என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டு ஏதாவது திருப்பிச் சொல்வார். ஆனால் அந்தத் தொப்பியைப் பிறர் கை தொட விடமாட்டார். அது ஏன் என்று நாம் கேட்டிருக்கிறோமா?

ஊர்த்தெரு வழக்கத்திலிருந்து தொடங்குவோம். ஆண்டைக்கு முன்னால் நம்மவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இதற்குச் சட்டப் புத்தகம் தேவைப்படவில்லை. எழுதாமல் நடந்துகொண்டிருந்தது. நம்மவர் கொஞ்சம் நிமிரத் தொடங்கியபோது மட்டும் அதைப் பட்டியலாக அறிவித்தார்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளை இனவரைவியலர் ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. பெண்கள் மேலாடை உடுத்துவதும் பூச்சூடுவதும் தடை. மறு ஆண்டு இந்தப் பட்டியல் எட்டிலிருந்து பதினொன்றானது.

இதைப் பட்டாளத்து விதியோடு வைத்துப் பாருங்கள். சட்டை போட்டே ஆக வேண்டும். பூட்ஸ் மாட்டியே ஆக வேண்டும். முடியை ஒட்ட வெட்டியே ஆக வேண்டும். தொப்பி இல்லாமல் அணிவகுப்புக்கு வந்தால் குற்றம். ஊரில் எது தடையோ அது அங்கே கட்டளை. நம்மவரைப் பட்டாளத்துக்கு இழுத்தது சம்பளம் என்பது உண்மைதான். ஆனால் சம்பளம் மட்டும்தான் என்று எழுதுகிறவர்கள் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றவர்கள் அல்லர்.

பட்டாளத்தில் தொப்பிக்கென்று ஒரு சடங்கு உலகமே உண்டு. பிரிட்டிஷ் தரைப்படை மரபில், தலையில் தொப்பி இல்லாதவர் கை உயர்த்திச் சல்யூட் வைப்பதில்லை. விறைத்து நிற்பதோடு சரி. ஆக, மரியாதை செய்யும் தகுதிக்கே தலை மூடியிருக்க வேண்டும். ஊர் வழக்கத்துக்கு இது நேர் தலைகீழ். இன்னொன்றும் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட சிப்பாயை அதிகாரி முன் விசாரணைக்கு நடத்திப் போகும்போது தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றிவிடுவார்கள். அங்கே வெறுந்தலை என்பது குற்றவாளியின் அடையாளம். நம் பாட்டன் ஒவ்வொரு நாளும், ஒரு குற்றமும் செய்யாமல், அப்படித்தான் ஆண்டை வீட்டு வாசலில் நின்றான்.

இனி வேலூருக்குப் போவோம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 10 அன்று வேலூர்ப் புரட்சிக்கு மாலை போடுகிறோம். 1857-க்கு அரை நூற்றாண்டு முந்தியது என்று பெருமை பேசுகிறோம். பேசலாம். ஆனால் அந்தப் புரட்சியின் தீக்குச்சி ஒரு தொப்பி என்பதை நாம் நிதானமாகப் பார்த்ததில்லை.

1805 நவம்பரில் சென்னை இராணுவத் தலைமை புதிய தலைப்பாகை ஒன்றைச் சிப்பாய்களுக்கு விதித்தது. தளபதி சர் ஜான் கிரடோக், ஆளுநர் வில்லியம் பெண்டிங்க். பெயர்தான் தலைப்பாகை, உருவத்தில் வட்டத் தொப்பி. முன்னால் தோலில் செய்த ஒரு பதக்கம் போன்ற அணி. அதோடு சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதிக் குறி, சமயக் குறி இடக் கூடாது, கடுக்கன் போடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற உத்தரவுகளும் வந்தன. 1806 மே மாதம் வேலூர்க் கோட்டையில் இருந்த ஒரு படைப்பிரிவு அந்தத் தலைப்பாகையை ஏற்க மறுத்தது. 21 பேர் விசாரணைக்குச் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம், இருவருக்கும் கசையடி கொடுத்து வேலையிலிருந்து நீக்கினார்கள். மற்ற 19 பேர் மன்னிப்புக் கேட்டுத் தண்டனையிலிருந்து தப்பினார்கள். ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. வெள்ளையர் படையில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். திப்புவின் புலிக்கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபின் நடந்தது பழிவாங்கும் படுகொலை. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். பிறகு கும்பெனி தலைப்பாகை உத்தரவைத் திரும்பப் பெற்றது; பெண்டிங்கையும் கிரடோக்கையும் திருப்பி அழைத்துக்கொண்டது.

காரணம் தொப்பி மட்டுமல்ல. கோட்டைக்குள் சிறையிருந்த திப்புவின் பிள்ளைகள், வெள்ளை அதிகாரிகளின் திமிர், பிடுங்கப்பட்ட பாளையங்கள், எல்லாம் சேர்ந்த வெடிமருந்து அது. அதை மறுக்க நமக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆனால் தொப்பியைப் பற்றிச் சிப்பாய்களிடம் இருந்த அச்சம் என்ன? இது பறங்கித் தொப்பி, வேதத்தில் சேர்ந்தவன் போடும் தொப்பி, இதைப் போட்டால் சாதி போய்விடும், சொந்தபந்தம் ஒதுக்கிவிடும். தமிழில் 'தொப்பிக்காரர்' என்றால் வெள்ளைக்காரர், 'சட்டைக்காரர்' என்றால் ஆங்கிலோ இந்தியர். உடுப்பை வைத்தே ஆளை வகுத்த மொழி நம்முடையது. 'தொப்பி போட்டுவிட்டான்' என்றால் ஏமாற்றிவிட்டான் என்று பொருள்படுவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆராய இங்கே இடமில்லை.

வேதத்தில் சேர்ந்தவர்கள் என்றால் யார்? தமிழ் நிலத்தில் அப்படிச் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியார். ஆகவே 'வேதக்காரன் தொப்பி' என்ற இளக்காரத்துக்குள் இன்னோர் இளக்காரமும் ஒளிந்திருக்கிறது.

தோல் விஷயத்துக்கு வருவோம். அது பசுத்தோலா பன்றித்தோலா என்ற ஐயம் இந்து, முஸ்லிம் இரு தரப்பையும் உலுக்கியது என்று பாடநூல்கள் சொல்கின்றன. சரி. ஆனால் அதே சிப்பாய் மார்பில் குறுக்காக மாட்டியிருந்த பட்டை எதில் செய்தது? தோலில்தான். ஆண்டுக்கணக்கில் அதை மாட்டினான், வெள்ளை பூசி மெருகேற்றினான். மார்பில் ஏறிய தோல் சாதியைக் கெடுக்கவில்லை. தலைக்கு ஏறியபோதுதான் கெடுத்தது. தலைக்கும் காலுக்கும் ஏணி வைத்துப் பிறப்பைப் பிரித்த ஓர் ஒழுங்கு, சிப்பாயின் உடம்பிலேயே எல்லைக்கல் நட்டிருந்தது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று இன்று தோல் தொழிலுக்குப் பெயர்போன நிலம் அது. அந்தத் தோல் ஊறும் தொட்டியில் இறங்கி நிற்கும் கால்கள் யாருடையவை என்று நமக்குத் தெரியும்.

வேலூர்ச் சிப்பாய்களை நாம் சிறுமைப்படுத்தவில்லை. அன்னியன் உத்தரவை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர்கள். நாம் சொல்வது ஒன்றுதான்: அவர்களுக்கு அந்தத் தொப்பி இழிவாகப் பட்டது, வேறு சிலருக்கு அதே பட்டாளத்தின் தொப்பி நிமிர்வாகப் பட்டது. இரண்டும் ஒரே நிலத்தில், ஒரே நூற்றாண்டில் நடந்தவை. ஒன்றுக்கு நினைவுத்தூண் இருக்கிறது, மற்றது டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

அந்த வேறு சிலரில் முக்கியமானவர்கள் மெட்ராஸ் சாப்பர்கள். 1780-இல் பயனியர் படையாகத் தொடங்கியவர்கள். பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, சுரங்கம் தோண்டுவது, மதில் உடைப்பது இவர்கள் வேலை. பறையர்களும் கிறித்தவர்களும் பெருந்தொகையாக இருந்த படை அது. இன்றும் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் அதன் மையம் இருக்கிறது. பழைய படங்களில் அவர்கள் தலையைப் பாருங்கள். வடக்கத்திப் படைகளின் முண்டாசு போல் வால் தொங்காது. விறைப்பாக, உருண்டையாக, தலைப்பாகைக்கும் தொப்பிக்கும் நடுவில் ஒன்று. மற்றப் படைக்காரர்கள் அதை வைத்துக் கிண்டலடிக்காமலா இருந்திருப்பார்கள்! பட்டாளத்தில் ஒவ்வொரு படையும் அடுத்த படையின் தொப்பியைக் கிண்டலடித்துத்தான் பிழைக்கிறது.

இந்தச் சாப்பர்களுக்குப் பட்டாளம் வைத்த செல்லப்பெயர் 'தம்பி'. வெள்ளை அதிகாரிகள் அந்தத் தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். இதில் நாம் மயங்கவும் வேண்டாம். நாற்பது வயது ஹவில்தாரை இருபது வயது துரை 'தம்பி' என்று கூப்பிடுவதில் உள்ள மேட்டிமை நமக்குப் புரியாததல்ல. ஆனாலும் 'அடேய்' என்பதைத் தவிர வேறு விளி கேட்டறியாத ஒருவனை, ஓர் அதிகாரி உறவுமுறைச் சொல்லால் அழைத்தபோது அவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கும்பெனியும் சாதியை ஒழிக்க வந்ததல்ல. ஆள் தேவைப்பட்டபோது சேர்த்தது, தேவை தீர்ந்ததும் கழற்றியது.

அந்தக் கழற்றல் 'போர்க்குடிகள்' கோட்பாடு என்ற பெயரில் வந்தது. சென்னைத் தளபதியாக இருந்து, பிறகு இந்தியாவின் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ் பிரபு, தெற்கத்தியான் சண்டைக்கு உதவமாட்டான் என்று கருதியவர். பஞ்சாபியரையும் கூர்க்காக்களையும் பட்டாணியரையும் உயர்த்தி, சென்னைக் காலாட்படைகளைக் குறைத்தார்கள். சாப்பர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்பதால் தப்பினார்கள். மராட்டிய மகர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 1890-களில் அவர்களுக்கான ஆள்சேர்ப்பே நிறுத்தப்பட்டது. முன்னாள் படைவீரரான கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார். பலிக்கவில்லை. 1917-இல், உலகப்போரில் ஆள் போதாதபோது, 111-ஆம் மகர் படை எழுந்தது. போர் முடிந்து மூன்றாண்டுக்குள் கலைந்தது. 1943-இல் எழுந்த சமார் படை 1946-இல் கலைந்தது. போர் வந்தால் தொப்பி, முடிந்தால் வெறுந்தலை.

பட்டாளத்துப் பிள்ளை ஒருவர் எழுதிய நினைவு இங்கே பொருந்தும். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, சுபேதார் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். சிப்பாய்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு கட்டாயம் என்ற கும்பெனி விதிதான் அந்த வீட்டுக்குள் எழுத்தைக் கொண்டுவந்தது. 1901-இல் சிறுவன் பீமராவ், அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும் தந்தையைப் பார்க்கச் சத்தாரா மாவட்டத்துக் கோரேகாவுக்குப் போகிறான் (இது பீமா கோரேகாவ் அல்ல, வேறு ஊர்). புதுச் சட்டை, பட்டுக்கரை வேட்டி, கல் பதித்த பளபளக்கும் தொப்பி. மசூர் ஸ்டேஷனில் இறங்கிய பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் கனிவோடு விசாரிக்கிறார். உடுப்பைப் பார்த்துப் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார். மகர் என்று சொன்னதும் முகம் மாறுகிறது. வண்டிக்காரர் யாரும் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு, இரவெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் போகிறார்கள். தொப்பி தலையில்தான் இருந்தது. பட்டாள வேலிக்கு வெளியே அது எதையும் காப்பாற்றவில்லை.

அந்தச் சிறுவன் வளர்ந்து 1927-இல் மகாட் குளத்துக்குப் போனபோது கூட நின்றவர்களில் ஓய்வுபெற்ற மகர் படைவீரர்கள் இருந்தார்கள். ஆள்சேர்ப்புத் தடையை நீக்க வேண்டும் என்று அந்த மேடையிலேயே அம்பேத்கர் பேசினார். அதே ஆண்டு ஜனவரி 1 அன்று பீமா கோரேகாவ் தூணுக்கும் போயிருந்தார். பேஷ்வா ஆட்சியில் கழுத்தில் மண்கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்கவைக்கப்பட்ட மக்களைப் பற்றி எழுதியவர் அவர். 1818 போரில் செத்த கும்பெனிச் சிப்பாய்களின் பெயர்கள் அந்தத் தூணில் இருக்கின்றன. அவற்றில் 22 மகர் பெயர்கள்.

1941-இல் பெல்காமில் மகர் படைப்பிரிவு மீண்டும் எழுந்தபோது அதன் தொப்பிச் சின்னத்தில் அந்தத் தூணைப் பொறித்தார்கள். விடுதலைக்குப் பிறகு தூண் எடுக்கப்பட்டு அந்த இடத்தில் கத்தி வந்தது. கும்பெனி வெற்றியின் நினைவைச் சுதந்திர நாட்டின் படை தலையில் சுமக்கலாமா என்று கேட்பவர்களின் நியாயம் நமக்குப் புரிகிறது. அதே கேள்வியை அசாயே யானையிடமும் கேட்க வேண்டும் அல்லவா? 1803-இல் மராட்டியரை எதிர்த்துக் கும்பெனிக்காகச் சண்டையிட்டதற்குக் கிடைத்த சின்னம் அது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் தொப்பியில் இன்றும் இருக்கிறது.

ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் ஓய்வுபெற்ற மகர் வீரர்கள் பழைய சீருடையில் பீமா கோரேகாவுக்கு வருகிறார்கள். பெண்களும் பிள்ளைகளும் சூழ நிற்க, தூணுக்கு முன்னால் வரிசையாக நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு சல்யூட் வைக்கிறார்கள்.