கல்லில் நின்ற கோழி

படாளத்தில் நான் குடியிருக்கும் இல்லத்தின் பின்முற்றத்தில் ஒரு வேப்பமரமும், மரத்தடியில் செங்கல் அடுக்கிக் கட்டிய சிறு கூடும், அக்கூட்டில் ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் உள்ளன. ஆலயமணி ஐந்தரைக்கு ஒலிக்கும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னரே சேவல் கூவிவிடும். பொழுது புலர்வதைக் கண்டு கூவுகிறது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். மாறாத மங்கிய ஒளியில் அடைத்து வைத்தாலும் சேவல் தன் உள்ளிருக்கும் காலக்கணக்கைக் கொண்டே விடியலை முன்னறிந்து கூவுகிறது என ஜப்பானிய அறிஞர் இருவர் 2013-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். அச்செய்தியைப் படித்த நாள்முதல் என் கடிகாரத்தின்மீது எனக்கிருந்த பெருமை சற்றே குறைந்தது.

இக்கூட்டம் என்னிடம் வந்த வரலாறு சிறியது. சில ஆண்டுகளுக்கு முன் திருவிழாவின்போது, தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவர் செந்நிறப் பெட்டை ஒன்றை நேர்ச்சையாகக் கொணர்ந்தார். நேர்ச்சைக் கோழிகளைத் திருப்பலி முடிந்ததும் ஏலம் விடுவது வழக்கம். அன்று பெருமழை; ஏலம் நடைபெறவில்லை. அந்தப் பெட்டையை ஒரு பஞ்சாரத்தின்கீழ்க் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் காலை அது ஒரு முட்டை இட்டிருந்தது. முட்டையைக் கையில் ஏந்திய பின் அதனை ஏலம் விட மனம் ஒப்பவில்லை. அதற்குரிய தொகையைக் காணிக்கைப் பெட்டியில் இட்டுவிட்டு நானே வைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறன்று பாட்டி வந்து, “சாமி, அதுக்குப் பேரு செவத்தி. பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஓடி வரும்” என்றார். பெயரிட்டு வளர்த்ததையே அவர் நேர்ந்து கொடுத்திருந்தார். அச்சொல் என்னுள் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. கோழியின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியதும் அதுவே.

காட்டிலிருந்து முற்றத்திற்கு

வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் செங்காட்டுக்கோழி. இதற்கு நாலாயிரம், எட்டாயிரம் ஆண்டுப் பழமை கூறியவர்கள் உண்டு. ஆனால் 2022-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் அக்கணக்கைத் திருத்தின. ஐயத்திற்கு இடமின்றி வீட்டுக்கோழி எனக் கொள்ளத்தக்க மிகப் பழைய எலும்புகள் நடுத் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவை. அவற்றின் காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது. மானாவாரியாக நெல்லும் தினையும் விளைந்தபோது, சிந்திய மணிகளைத் தேடி மரத்திலிருந்து இறங்கி வந்தது காட்டுக்கோழி. மனிதன் அதனை வலைவீசிப் பிடித்தான் என்பதைவிட, அது நம் களத்து மேட்டுக்குத் தானாகவே விருந்தாக வந்தது என்பதே பொருந்தும்.

இதில் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கோழியின் மஞ்சள் நிறக் கால்களுக்குரிய மரபுக்கூறு செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலை உள்ளிட்ட இந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2008-இல் கண்டறிந்தனர். செவத்தியின் கால்கள் மஞ்சள் நிறம். தாய்வழி கிழக்கே எங்கோ இருக்க, கால்வழி நம் மலையில் இருக்கிறது!

மற்றொரு செய்தி வியப்பிற்குரியது. கோழி ஐரோப்பாவை அடைந்தபோது, முதல் சில நூற்றாண்டுகள் அங்குள்ளோர் அதனைப் பெரும்பாலும் உண்ணவில்லை. வெட்டுக்காயம் எதுவுமின்றி முழு உடலாக, சில இடங்களில் மனிதரோடு சேர்த்தே, அதனைப் புதைத்திருக்கின்றனர். அதாவது, அவர்களுக்குக் கோழி முதலில் துணையாயிற்று, பின்னரே உணவாயிற்று.

தொண்டை நாட்டு விருந்து

நம் இலக்கியங்களில் கோழி இரு நிலைகளிலும் காணப்படுகிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, மருதநிலத்து உழவர் இல்லங்களில் வெண்ணெல் சோற்றோடு வீட்டில் வளர்ந்த பெட்டைக்கோழியின் பொரியலும் பெறலாம் எனப் பாணனுக்கு வழிகாட்டுகிறது. பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இது நம் பாட்டன் வீட்டு விருந்து. அப்பாடலை இயற்றிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையில் வேறொரு காட்சியைத் தீட்டுகிறார். முற்றத்தில் உலரும் உணவைக் கொத்த வரும் கோழியைத் துரத்தக் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்ணொருத்தி தன் காதணியைக் கழற்றி எறிகிறாள்; அது சிறுவர் உருட்டும் தேரின் வழியை மறிக்கிறது. நகரின் செல்வத்தைக் காட்டும் காட்சி எனப் புலவர் கூறுவர். என்றாலும், முற்றத்தில் காயவைத்த நெல்லுக்குக் காவலிருந்தவர் எவருக்கும் அப்பெண்ணின் சினம் உடனே விளங்கும்.

குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லை என்னும் பெண்பாற் புலவர், கணவனோடிருக்கும் தலைவியின் நெஞ்சை நடுங்க வைப்பதாகச் சேவலின் விடியற்குரலைப் பாடினார். சோழர் தலைநகரான உறையூருக்கே ‘கோழி’ என்றொரு பெயர் இருந்தது. யானையோடு பொருத சேவலின் கதையால் அப்பெயர் வந்தது என்பர். புறப்பொருள் வெண்பாமாலையோ சேவற்போரின் வெற்றிக்குக் ‘கோழி வென்றி’ எனத் தனித் துறையே வகுத்துள்ளது.

இந்தளூர்க் கல்

இவை யாவற்றினும் என்னை ஈர்த்தது ஒரு கல். எங்கள் மதுராந்தகத்தை அடுத்த இந்தளூரில் ஒரு நடுகல் கண்டெடுக்கப்பட்டது. நடுகல் என்றதும் ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் உருவத்தை எதிர்பார்ப்போம். இக்கல்லிலோ நிமிர்ந்து நிற்பது ஒரு சேவல். அருகில் பழைய எழுத்தில், கீழ்ச்சேரிக் கோழி பொற்கொற்றி எனப் பொறித்துள்ளனர். ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முற்பட்டதென அறிஞர் கணிக்கின்றனர். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும் இத்தகைய கல் ஒன்று உண்டு. அது மேற்சேரிக் கோழிக்கு எடுத்தது. போரில் வீழ்ந்த சேவல்களுக்கு ஊரார் எழுப்பிய நினைவுக்கற்கள் இவை என்பது ஆய்வாளர் கருத்து.

‘சேரி’ என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். அக்காலத்தில் அது மக்கள் சேர்ந்து வாழும் பகுதி எதனையும் குறித்தது. பார்ப்பனச் சேரியும் உண்டு, பரதவர் சேரியும் உண்டு. பின்னாளில் அதே சொல் சிலரைத் தள்ளி வைத்த இடத்தின் பெயராகச் சுருங்கியது. நம் பங்குகளில் அச்சொல்லின் வலியை அறிந்தோர் பலர். கீழ்ச்சேரியில் அன்று வாழ்ந்த ஆண், பெண் எவரது பெயரும் அக்கல்லில் இல்லை. தங்கள் பெயரைப் பொறித்துக்கொள்ளாத அம்மக்கள், தங்கள் சேவலின் பெயரைப் பொறித்து வைத்தனர். பதினைந்து நூற்றாண்டுகள் கடந்து நாம் அறியும் அவ்வூர் உயிர், ஒரு கோழி!

எனினும் என் மகிழ்ச்சியில் ஒரு முள் இருந்தது. பொற்கொற்றியைப் பெயரிட்டு, இரையூட்டி, மடியில் வைத்து வளர்த்தவர்களே அதனைக் களத்தில் இறக்கி விட்டவர்கள். ஊரின் பெருமைக்காக அது சண்டையிட்டு மாண்டது. பின் ஊர் அழுது கல் எடுத்தது. அன்பும் அதனை மரணத்திற்கு அனுப்பிய கையும் ஒருவருடையனவே. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம் விலங்குகளைத் தூண்டிச் சண்டையிடச் செய்வதைக் குற்றமாக்கியுள்ளது. சட்டம் களத்தைத் தடுக்கலாம்; நம் அன்பினுள் கலந்திருக்கும் தன்னலத்தை நாமேதான் பிரித்தறிய வேண்டும்.

முற்றம் கற்பித்தவை

கோழிகளோடு பழகினால் அவற்றிடையே ஓர் ஆட்சிமுறை இருப்பது தெரியவரும். எது எதனைக் கொத்தலாம், எது எதற்கு விலகி வழிவிட வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டிருக்கும். இதனை 1921-இல் முதன்முதல் முறையாக எழுதியவர் நார்வே நாட்டு ஷெல்டெருப் எப்பே. சிறுவயதிலேயே முற்றத்துக் கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர் அவர். தவிடும் கம்பும் கலந்து நான் வைக்கும் தட்டைச் சுற்றியும் இதே முறைதான். எங்கள் பங்குப் பேரவைக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியபோது சில வேளைகளில் எனக்கு அத்தட்டு நினைவுக்கு வந்ததுண்டு.

ஆனால் அடைகாக்கும் பெட்டை வேறோர் உயிர். இருபத்தொரு நாள் அது இரைக்கும் நீருக்கும் மட்டுமே எழும். முட்டைகளை அலகால் ஓயாது புரட்டிவிடும். பொரிப்பதற்கு முன்பே ஓட்டினுள் குஞ்சு குரல் கொடுக்கும்; தாய் மறுகுரல் கொடுக்கும். பொரித்த பின், எந்நேரமும் குஞ்சைக் கொத்தித் துரத்தும் பிற பெட்டைகளும் அத்தாயின்முன் ஒதுங்கிப்போகும். ஒருநாள் பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்தது. செவத்தி ஒரே குரல்தான் கொடுத்தது. சிதறிக் கிடந்த எட்டுக் குஞ்சுகளும் நொடியில் இறக்கைக்குள் மறைந்தன. எருசலேமைப் பார்த்து ஆண்டவர் கலங்கிக் கூறிய உவமையை முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கத்தில் எடுத்தாண்டவன் நான். அன்றுதான் அதனைக் கண்ணால் கண்டேன்.

பழைய ஏற்பாட்டில் கோழியைக் காண்பது மிக அரிது. நற்செய்திகளிலோ தாய்க்கோழியும் வருகிறது, பேதுருவை அழவைத்த சேவலும் வருகிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டுக்குப் பின் மரேஷா என்னும் ஊரில் மக்கள் கோழிகளைப் பெருமளவில் வளர்த்து உண்டதை 2015-இல் வெளியான அகழாய்வு முடிவுகள் காட்டின. எனவே, இயேசுவின் காலத்தில் அது ஏழையரின் முற்றத்துப் பறவையாகியிருந்தது. அவர் கழுகை விடுத்துக் கோழியைத் தேர்ந்ததன் பொருள் அங்கே இருக்கிறது எனக் கருதுகிறேன்.

என் பிழை

ஒரு சித்திரை மாதத்தில் வெள்ளைக் கழிச்சல் வந்தது. 1920-களில் குமாவோன் மலைப்பகுதியின் ராணிகேத்தில் கண்டறியப்பட்டதால் அவ்வூர்ப் பெயராலேயே நம் நாட்டில் இந்நோயைக் குறிக்கின்றனர். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஓர் ஊசி எனத் தடுப்புமுறை எளிது. நான் நாளை நாளை என்று தள்ளிப்போட்டேன். பதினான்கு கோழிகளில் மூன்றே எஞ்சின. செவத்தியும் போயிற்று. பாட்டியிடம் சொல்ல நாணினேன். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, “சாமி, ஊசி போடாம பாசம் வெச்சா மட்டும் போதுமா?” என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூறவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் பிறருக்கு எத்தனையோ அறிவுரை கூறியவன், அன்று திண்ணையில் நின்று அறிவுரை பெற்றேன்.

அவருக்குக் கோழி பொழுதுபோக்கன்று. முட்டை விற்ற காசு உப்புக்கும் எண்ணெய்க்கும். சேவல் விற்ற காசு மருந்துக்கும் பேரப்பிள்ளையின் புத்தகத்திற்கும். நம் சிற்றூர்ப் பெண்களின் கையில், கணவரோ பிள்ளைகளோ கேட்டுப் பெறாத செல்வமாகப் பல தலைமுறைகள் இருந்தது முற்றத்துக் கோழியே. அதனையே அவர் நேர்ந்து கொடுத்தார். இன்று உலகில் எந்த நாளிலும் உயிரோடிருக்கும் கோழிகள் இரண்டாயிரம் கோடிக்கு மேல். அவற்றுள் கறிக்கோழிகளுக்கு வாழ்நாள் ஏறத்தாழ ஆறு வாரமே. அவை தாயின் இறக்கையையும் அறியா, ஒரு பெயரையும் அறியா. நானும் அவ்விறைச்சியை உண்பவனே; ஆதலின் எவரையும் குறைகூற எனக்கு உரிமையில்லை. உண்ணும் முன் ஒரு கணம் நன்றி சொல்லும் பழைய வழக்கத்தைப் பொருளுணர்ந்து செய்யத் தொடங்கியிருக்கிறேன், அவ்வளவே.

பாட்டி இப்போது இல்லை. சென்ற தை மாதம் அவருடைய பேத்தி வந்து, அடைவைக்க முட்டை கேட்டாள். எஞ்சிய மூன்றில் ஒன்று செவத்தியின் குஞ்சு. இன்றைய கூட்டம் அதன் வழி வந்தது. பதினொரு முட்டைகளைத் தவிட்டில் பொதிந்து கொடுத்தேன். கூடவே, கால்நடை மருந்தகத்தில் ஊசி போடும் நாளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் தாளை மடித்து வைத்துக்கொண்டு, “பொரிச்சதும் செவப்பா ஒண்ணு இருந்தா என்ன பேரு வைக்கணும்னு தெரியும் சாமி” என்றாள்.