வெப்பம் வகுத்த அளவுகோல்: பினாங்கில் வாகன மின்கலத் தேர்வின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பினாங்கின் ஜோர்ஜ்டவுன் வீதிகளில் ஓடத் தொடங்கிய மின்சார டிராமும், 1925 முதல் 1961 வரை ஓடிய டிராலி பேருந்தும் தலைக்குமேல் கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் பெற்றமையால், அதைத் தடையின்றி வழங்கும் கவலை நகராட்சிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1912இல் சார்லஸ் கெட்டரிங்கின் மின்தொடக்கி கேடிலாக் கார்களில் பொருத்தப்பட்ட பின்னர், கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை முடுக்கும் வேலை படிப்படியாக மறைந்தது. மாறாக, மின்தொடக்கியை இயக்கும் பேட்டரி தேய்ந்தால் நம்பகமான வேறொன்றைத் தேடும் பொறுப்பு கார் உரிமையாளரைச் சேர்ந்தது.

பேட்டரி எனப்படும் வாகன மின்கலம், நீர்த்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகள் மூழ்கியிருக்கும் அமைப்பாகும். இதன் மூலவடிவத்தைப் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாந்தே 1859இல் உருவாக்கினார். வெப்பம் மிகுந்தால் தகட்டின் ஈயச் சட்டம் விரைவாக அரிக்கப்படும், அமிலத்திலுள்ள நீர் வற்றும், பயன்படுத்தாதபோதும் மின்னூட்டம் தானே குறையும். ஆண்டு முழுவதும் சராசரி வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும் பினாங்கில், வாரக்கணக்கில் கப்பலிலும் பின்னர்க் கிடங்கிலும் காத்திருந்த பேட்டரி, விற்பனைக்கு வருமுன்பே மூப்படையக்கூடியதாக இருந்தது. எனவே குளிர்நாடுகளில் 1.28 அளவில் வைக்கப்படும் அமில அடர்த்தியை வெப்பநாடுகளுக்கு 1.24 அளவுக்குக் குறைப்பது உற்பத்தியாளர்களின் வழக்கமாயிற்று. தகடுகளுக்கு மின்னூட்டி உலர்த்தி அனுப்பி, விற்கும் நாளில் அமிலம் ஊற்றும் முறையும் பின்னர்ப் பரவியது. காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவதும், ஹைட்ரோமீட்டர் எனும் அடர்த்திமானியால் பேட்டரியின் ஒவ்வோர் அறையையும் சோதிப்பதும் பட்டறைப் பணிகளாக இருந்த அக்காலத்தில், தேர்வு பெரும்பாலும் பட்டறைக்காரரின் தீர்ப்பைச் சார்ந்திருந்தது.

ஜப்பானியக் கார்கள் பெருகியதும், மிட்சுபிஷி வடிவமைப்பைத் தழுவிய புரோட்டோன் சாகா 1985இல் வெளிவந்ததும், பேட்டரிகளுக்கான ஜப்பானியத் தரக் குறியீட்டை மலேசியச் சாலைகளில் வழக்கமாக்கின. அக்குறியீட்டின்படி ‘பி24எல்’ என்பதில் எழுத்து அகல உயர வகுப்பையும், எண் சென்டிமீட்டரில் நீளத்தையும், இறுதி எழுத்து நேர்முனை அமைந்த பக்கத்தையும் சுட்டுவதால், பொருந்தாததை முதலிலேயே விலக்க முடிந்தது. ஆயினும் உறையில் பெரிதாக அச்சிடப்படும் குளிர்த்தொடக்க மின்னோட்ட அளவு, பினாங்கு ஒருபோதும் காணாத மைனஸ் 18 டிகிரியில் அளக்கப்படுவது. வெப்பத்தில் எத்தனை காலம் உழைக்கும் என்பதை அது கூறுவதில்லை.

மூடிய, நீர் ஊற்றத் தேவையற்ற பேட்டரிகள் வந்தபின் அறைகளைத் திறந்து சோதிக்கும் வாய்ப்பு அருகியது. ஆகவே உற்பத்தித் தேதியும் உத்தரவாதக் காலமும் அடர்த்திமானியின் இடத்தைப் பிடித்தன. வண்டி நிற்கும்போது எஞ்சினைத் தானே அணைத்து மீண்டும் முடுக்கும் புதிய கார்களுக்கு, அடிக்கடி மின்னிறக்கத்தைத் தாங்கும் தனிவகை தேவைப்பட்டமையால், பொருத்தம் என்பது அளவோடு வகையையும் குறிக்கலாயிற்று. பழைய பேட்டரியும் 2005ஆம் ஆண்டின் மலேசிய விதிகளில் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தப்பட்டு, முறையாக ஒப்படைக்க வேண்டிய பொருளாயிற்று. சோதிக்கும் கருவிகள் மாறினும், பினாங்கில் நல்ல பேட்டரி என்பது ஆற்றலில் மிகுந்தது என்பதைவிட, அண்மையில் செய்யப்பட்டு, வண்டிக்குப் பொருந்தி, வெப்பத்தைத் தாங்குவது என்பதே இவ்வரலாறு காட்டும் முடிவாகும்.