கேட்டது இலங்கை, கிடைத்தது கனரா: யோசேவ் வாஸ் அடிகளாரின் அழைப்பு

பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் வந்தால், நுரைச்சோலையில் முதலில் கண்ணில் படுவது அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிதான். அதையும் தாண்டிப் போனால் தலவில அன்னம்மாள் கோயில், வீதி முடியும் இடத்தில் ஒல்லாந்தர் கோட்டை. இந்த பஸ்ஸில் ஏறினால் எங்களுக்குள்ளே ஒரே கதைதான். வீட்டில் கேட்கிறார்கள்: "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறீங்க?" கோயிலில் அதையே வேறு மாதிரிக் கேட்கிறார்கள்: "கடவுள் உங்களை எதுக்கு அழைச்சிருக்கிறார்?" இரண்டுக்கும் எங்களிடம் சரியான பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கரையோடு தொடர்புள்ள ஒருவரின் கதையைத் திரும்பவும் படித்தோம்.

யோசேவ் வாஸ் 1651இல் கோவாவின் பெனாலிமில் பிறந்தவர். 1676இல் குருவானார். அந்த நாட்களில் இலங்கைக் கத்தோலிக்கர்களுக்குக் குருக்கள் இல்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பதற்கே மரண தண்டனை என்று அறிவித்திருந்தார்கள். இதைக் கேள்விப்பட்ட வாஸ், தன்னை அங்கே அனுப்பும்படி கேட்டார். ஆனால் 1681இல் மேலிடம் அவரை அனுப்பியது கனராக் கரைக்கு.

எங்களுக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. தன்னுடைய அழைப்பு எது என்று அவருக்குத் தெரியும். இருந்தும், கிடைத்த வேலை வேறு. அதை அவர் சும்மா நாளைக் கடத்தும் வேலையாக எடுக்கவில்லை. மூன்று வருடம் அங்கேயே உழைத்தார். திரும்பி வந்து 1685இல் கோவாவின் ஒரட்டோரியன் குருக்களோடு சேர்ந்து, அவர்களின் தலைவரும் ஆனார். அடுத்த வருடமே அந்தப் பதவியை விட்டுவிட்டு இலங்கைக்குப் புறப்பட்டார். பிராமணக் குலத்தில் பிறந்தவர், கூலியாள் வேடத்தில், ஒரு உதவியாளோடு, 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பகலில் பிச்சைக்காரர் மாதிரி நடமாடி, இரவில் ஒளித்துப் பூசை வைத்தார்.

ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானதும் அவர் புத்தளத்துக்கு வந்தார். அன்றைய நிலைமை இதுதான்: களப்புக்கு இந்தப் பக்கம் கற்பிட்டி ஒல்லாந்தர் கையில், அந்தப் பக்கம் புத்தளம் கண்டியரசன் கையில். நாங்கள் பஸ்ஸில் கடக்கிற தூரம் அப்போது ஒரு குருவுக்கு உயிரோடு இருப்பதற்கும் சாவதற்கும் இடையிலான தூரம்.

புத்தளத்திலிருந்து 1692இல் கண்டிக்குப் போனவரை, போர்த்துக்கேய ஒற்றன் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். அவர் சிறைக்குள்ளேயே பீடம் அமைத்துப் பூசை வைத்தார். பிறகு இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனே அவருக்கு ஆதரவு கொடுத்தான். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளைச் சொந்தக்காரரே கைவிட்ட நேரத்தில், அவரும் அவருடைய மருமகனான இளம் குருவும் அவர்களைத் தேடிப்போய்ப் பராமரித்தார்கள். எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை. கோவாவிலிருந்து புறப்படும்போது அவர் நினைத்து வந்த வேலையில் பெரியம்மை இருந்திருக்காது. அப்படியும் அது அவருடைய வேலையாயிற்று.

1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அழைப்பு என்றால் ஒருநாள் வானத்திலிருந்து குரல் வரும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். வாஸின் கதையில் குரலை விடச் செய்திதான் கேட்கிறது: அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாருமில்லை. மற்றதெல்லாம் காத்திருப்பும், கையில் கிடைத்த வேலையைச் செய்வதும்.

"ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று அடுத்த முறை கேட்டால், பதில் இன்னும் தெரியாது என்று வெட்கப்படாமல் சொல்லுவோம். எங்கள் கனராவில் இருக்கிறோம். இங்கேயும் வேலை கிடக்கிறது.