சொல்லும் கருத்தும்: கூரியஸ் வழக்கு

மரண சாதனம் நடைமுறைக்கு வரும்போது, அதனை எழுதியவன் விளக்கங்கூற உயிரோடிருப்பதில்லை. பொருள்கோள் பற்றிய பிணக்கெல்லாம் இதிலிருந்தே எழுகின்றது. கி.மு. 90களில் உரோமில் நடைபெற்ற கூரியஸ் வழக்கு இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

கொப்போனியஸ் என்பான் தனக்கொரு மகன் பிறப்பான் என எதிர்பார்த்துச் சாதனம் எழுதினான். அம்மகனே வாரிசு, அவன் பராயமடையுமுன் இறப்பின் மானியஸ் கூரியஸ் வாரிசாதல் வேண்டும். தந்தை இறந்தான், மகனோ பிறக்கவேயில்லை. பிறவாதவனை இறந்தவனாகக் கொள்ளுதல் கூடுமா? கூடாது, சாதனம் பயனற்றது, எனவே சொத்துத் தன்னைச் சேரும் என்று உறவினனொருவன் எதிர்வழக்காடினான்.

கி.மு. 95இல் ஒருங்கே கொன்சல் பதவி வகித்த இருவர் இவ்வழக்கில் எதிரெதிரே நின்றனர். உறவினன் சார்பில் தோன்றிய சட்ட அறிஞர் ஸ்கேவோலா எழுத்தையே பற்றி நின்றார். எழுதியதை விடுத்து எண்ணியதை ஊகிக்கத் தொடங்கின், எளிய மக்களின் சாதனங்கள் நாவலர் கையில் எவ்வாறும் வளைக்கப்படும் என்பது அவர் அச்சம். கூரியஸின் பக்கம் பேசிய கிறாசஸ் நகைச்சுவையுடன் தொடங்கினார்: கடற்கரையில் துடுப்புக் கட்டும் முளையொன்றைக் கண்டெடுத்த இளைஞன் அதனைக்கொண்டு கப்பலே கட்ட விரும்பினானாம், ஸ்கேவோலாவும் அத்தகையதொரு சிறு முளையிலிருந்தே வழக்கைக் கட்டினார் என்றார். மகன் பிறவாவிடினும், பிறந்து இறப்பினும், கூரியஸே வாரிசாதல் வேண்டுமென்பதே இறந்தவன் கருத்து என வாதிட்டு அவர் வென்றார்.

இவற்றை நாம் பெரும்பாலும் சிசெரோ வாயிலாகவே அறிகின்றோம். அவரும் நாவலரே, கிறாசஸைப் போற்றியவர். ஆதலின் ஸ்கேவோலாவின் வாதம் அதற்குரிய வலிமையோடு நம்மை வந்தடைந்ததா என ஐயுறுதல் தகும். மேலும், அவ்வெற்றி உடனே பொதுவிதியாகிவிடவில்லை. மாக்கஸ் ஒறேலியஸும் வேறஸும் இணைந்தாண்ட கி.பி. 161–169 காலத்திலேயே, இத்தகைய மாற்று நியமனம் இரு நிலைகளையும் உள்ளடக்கும் எனப் பேரரசாணை பிறந்தது.

உரோமன் டச்சுச் சட்டம் வழியாக இவ்வாராய்ச்சி இலங்கைக்கும் உரியதாயிற்று. எழுதியவனின் கருத்தே தலைமையானது. எனினும் அது அவன் சொற்களிலிருந்தே பெறப்படவேண்டும் என்பது இங்கு நிலைத்த நெறி. மகனுக்குக் காணியைக் கொடுத்து, அவன் அதனை விற்றலாகாது, அவனுக்குப்பின் அவன் மக்களுக்கே செல்லவேண்டும் எனக் கட்டுப்படுத்தும் சாதனங்கள் பல இங்கு எழுதப்பட்டன. ஐயமெழுமிடத்து, பெறுபவனைச் சுமையின்றி விடுதலே மன்றுகளின் சார்பு. இங்கேதான் ஸ்கேவோலாவின் அச்சம் வேறு வடிவில் உண்மையாயிற்று. வாரிசுகளுக்கும் கைமாற்றம் பெறுவோருக்கும் என்ற வாய்பாட்டை நொத்தாரிசுமார் வழக்கப்படி சேர்த்தெழுதினர். விற்றலாகாதெனில் கைமாற்றம் பெறுவோர் யாவர்? பயன்பெறுவோர் தெளிவற்றனர் எனக் கூறி மன்றுகள் இக்கட்டுப்பாட்டை வலிதற்றதாக்கிய வழக்குகள் உள. பேரப்பிள்ளைகளுக்காகக் காணியைக் காக்க விரும்பியவனின் எண்ணம், அவன் பொருளறிந்திராத எழுத்தாளர் வாய்பாட்டினால் அழிந்தது. 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய கட்டுப்பாட்டு முறையையே ஒழித்தது.