வாடகைக்கு வந்த கருவிகள்

வானொலிப் பெட்டி முதல் இணையம் வரை, மதுரைக்கு வந்த கருவிகள் பலவற்றையும் பெரும்பாலோர் முதலில் அனுபவித்தது இரவலாகவோ வாடகைக்கோதான். மணிக்கு இவ்வளவு, நிமிடத்துக்கு இவ்வளவு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பழகிய பிறகே அவை வீட்டுக்குச் சொந்தமாக வந்தன. விலை எட்டாத பொருளைத் தெருவே பங்கு போட்டு ஆண்ட அந்தப் பழக்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. அதைச் சுற்றி ஒரு சிறு வணிகமே வளர்ந்து மறைந்தது.

அந்த வணிகத்துக்குத் தோதான இடம் சிம்மக்கல். மீனாட்சியம்மன் கோயிலுக்கு வடக்கே, மாசி வீதிகளைத் தாண்டி வைகையின் தென்கரையை நெருங்கும் இடத்தில் அது இருக்கிறது. கோரிப்பாளையத்திலிருந்து 1889இல் கட்டப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்து யானைக்கல்லில் இறங்குபவர்கள் சிம்மக்கல்லைத் தொட்டுத்தான் ஊருக்குள் நுழைவார்கள். டவுன் பஸ்கள் நின்று போகும் இடம். மாவட்ட மைய நூலகம் இருப்பதும் இங்கேதான். சந்தைக்கு வந்த கிராமத்தாரும் படிக்க வந்த மாணவரும் ஒரே நடைபாதையில் நடக்கும் இடத்தில், கொஞ்ச நேரம் பயன்படுத்திவிட்டுப் போகும் எதற்கும் ஆள் கிடைக்கும்.

மின்னணுவுக்கு முந்தைய முன்மாதிரி வாடகை சைக்கிள். கடைக்காரர் நோட்டில் பெயரையும் எடுத்த நேரத்தையும் எழுதிக்கொள்வார். தெரிந்தவர் யாராவது கைகாட்டாவிட்டால் வண்டி கிடைக்காது. பிற்காலத்தில் பிரவுசிங் சென்டர் மேசையில் கிடந்த பதிவேடும் இதே நோட்டுத்தான். பத்திகள்கூட மாறவில்லை.

வானொலி இன்னும் பொதுவாக வந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939 மே 16இலும் தொடங்கின. மதுரைக்குச் சொந்த நிலையம் 1987இல்தான் கிடைத்தது. அதுவரை ஊர் கேட்டது திருச்சியையும் இலங்கை வானொலியையும். பெட்டி வைத்திருப்பவர் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். 1980களின் நடுப்பகுதி வரை இந்த விதி இருந்தது. ஆகவே பலருக்கு வானொலி என்றால் பஞ்சாயத்து அலுவலகப் பெட்டி, பூங்காவின் கூம்பு ஒலிபெருக்கி, டீக்கடை மேல்தட்டு. டீக்கு மட்டும் காசு, செய்தி இலவசம். இந்தக் கூட்டுக் கேட்பின் வலிமைக்குச் சான்று தஞ்சைப் பக்கம் கிடைக்கிறது. 1960களில் திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பு வழியாகப் பரவிய ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். டிரான்சிஸ்டர் வந்ததும் வானொலி கைக்குள் அடங்கியது. வாடகைக் கதையிலிருந்து முதலில் விலகிய கருவி அதுதான்.

தொலைக்காட்சி மெதுவாக வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியும் தெற்கே அதன் அலை எட்டவில்லை. 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியதும் தென்மாவட்டங்களில் வசதியுள்ள வீடுகள் உயரமான ஆண்டெனாவும் பூஸ்டரும் வைத்து, புள்ளிகள் நிறைந்த படத்தைப் பிடித்துப் பார்த்தன. கொடைக்கானல் மலையில் ஒளிபரப்பு நிலையம் வந்த பின்பே மதுரைக்குப் படம் தெளிந்தது. இந்த இடைவெளியில்தான் ‘டெக்’ வாடகை செழித்தது. ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வெளியிட்ட வி.எச்.எஸ். கருவிக்கு இங்கே அதுதான் பெயர். கலர் டிவி, டெக், மூன்று கேசட், கூடவே கம்பி மாட்ட ஓர் ஆள் என்று ஓர் இரவுக்குப் பேசி எடுப்பார்கள். தெருக்காரர்கள் காசு போட்டு, திரையை வாசல் பக்கம் திருப்பி வைத்து, விடிய விடியப் பார்ப்பார்கள். படத்தின் உரிமையைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. அரசு யோசித்தது: பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டதற்கு வீடியோத் திருட்டு ஒரு முக்கியக் காரணம்.

ஒலிநாடாப் பதிவுக் கடை இவற்றில் நுட்பமானது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய சிறிய கேசட், எண்பதுகளில் தமிழ்நாட்டுத் தெருவெங்கும் பரவியது. கம்பெனி கேசட்டில் ஒரே படத்தின் பாட்டுகள்தான் இருக்கும். விருப்பப் பாட்டுகளை மட்டும் சேர்த்துக் கேட்க வேண்டுமானால் ஒரு தாளில் பட்டியல் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கடையில் கொடுக்க வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நான்கரை நிமிடப் பாட்டு என்றால் ஆறு பாட்டும் கொஞ்சம் மிச்சமும். அந்த மிச்சத்தை வீணாக்காமலும் கடைசிப் பாட்டின் சரணத்தை அறுக்காமலும் பட்டியலை முன்பின்னாக மாற்றி அடுக்குவதில்தான் பதிவு செய்பவரின் தொழில்திறமை தெரியும். தொண்ணூறு நிமிடக் கேசட் காசுக்கு லாபம்போலத் தோன்றும். ஆனால் அதன் நாடா மெல்லியது. அறுபது நிமிட நாடா சுமார் 18 மைக்ரான் தடிமன் என்றால் இது 12தான். பழைய டேப் ரெக்கார்டரின் உருளையில் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். சிக்கெடுத்து, பல்சக்கரத்தில் பென்சிலைச் செருகிச் சுற்றிச் சேர்ப்பது அன்றைய வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த கைவேலை. கேசட் போய் சி.டி. வந்தபோதும், சி.டி. போய் மெமரி கார்டு வந்தபோதும் இதே கடைகள் இதே வேலையைச் செய்தன. கார்டில் ‘பாட்டு ஏத்தித் தரப்படும்’ என்ற அட்டை தொங்கியது. ஆனால் நூற்றுக்கணக்கில் ஏற்ற முடிந்த இடத்தில் வரிசை அடுக்கும் திறமைக்கு வேலையில்லாமல் போனது.

தொலைபேசிக்கு வந்தால், நீண்ட காலம் அது பக்கத்து வீட்டுக்காரருடையது. கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் எண்ணுக்குப் பின்னால் ‘பி.பி.’ என்று அச்சிட்டிருந்தால், போனை எடுப்பவர் வேறொருவர், கூப்பிட்டு விடுவார் என்று பொருள். வெளியூருக்கு டிரங்க் கால் பதிவு செய்து மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூர் எண்ணைச் சுழற்றும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கியது. அது தெருமுனைக்கு வந்தது எண்பதுகளின் பிற்பகுதியில். சாம் பிட்ரோடா முன்னின்று 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், தூசியையும் வெயிலையும் தாங்கும் சிறிய கிராமத் தொலைபேசி நிலையங்களை உருவாக்கியது. மஞ்சள் பலகையில் கறுப்பெழுத்து எழுதிய எஸ்.டி.டி. பூத்துகள் அந்தப் பரவலின் முகம். உரிமம் வழங்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. நாடெங்கும் பல குடும்பங்களுக்கு அது நிரந்தர வருமானம்.

பூத்தின் நடுநாயகம் மீட்டர். கண்ணாடிக் கூண்டுக்குள் பேசுபவரின் கண் எதிரே சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டிருக்கும். தூரத்தைப் பொறுத்து துடிப்பின் வேகம் மாறும். சென்னைக்குப் பேசும்போது நிதானமாக ஏறுவது, டெல்லிக்குப் பேசும்போது ஓடும். வைத்ததும் சிறு பிரிண்டர் ஒரு சீட்டைக் கக்கும். இரவு ஏற ஏறக் கட்டணம் பாதியாகும், பின்பு கால்பங்காகும். அதனால்தான் பூத்துகளில் பகலைவிட இரவில் வரிசை நீளம். பேச வேண்டியதை முன்கூட்டியே தாளில் எழுதி வந்து வாசித்துவிட்டு வைத்தவர்களும் உண்டு. சிவப்பு எண்கள் கற்றுத்தந்த சிக்கனம் அது.

இணையம் இந்தியாவில் பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். வழியாகத் திறக்கப்பட்டது. எஸ்.டி.டி. பூத்துகளில் சில, அட்டைத் தடுப்பு வைத்து நாலைந்து கணினிகளைப் போட்டு பிரவுசிங் சென்டராயின. பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாள்தான் அவற்றின் திருவிழா. அங்கே தமிழ் படிப்பது மட்டும் பெரும்பாடு. ஒவ்வொரு தளமும் ஓர் எழுத்துருவைக் கேட்கும். அதை இறக்கி நிறுவாவிட்டால் திரையில் புரியாத குறிகள்தான். கடை இயந்திரத்தில் எதையும் நிறுவ உரிமையாளர் விடமாட்டார். மதுரையின் பெயர் தாங்கிய முக்கியமான இணைய முயற்சி இந்தச் சூழலில் பிறந்தது, அதுவும் மதுரையில் அல்ல. சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இலவசமாக வழங்கியது. தமிழ்ச் சங்க மரபை நினைந்து வைத்த பெயர். முதல் வெளியீடு திருக்குறள். சிம்மக்கல் நூலகத்தில் இரவல் வாங்கிய நூலை இணையத்திலும் படிக்கலாம் என்ற நிலை வந்தது. யூனிகோடு ஆதரவு கணினிகளில் பரவிய பின்பே எழுத்துருத் தொல்லை தீர்ந்தது.

வாடகைக் கருவியின் வரலாற்றில் மிகவும் திட்டமிட்ட சோதனை மதுரைக்கு வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள மேலூரில் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு, மைடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியிருந்தது. செப்புக் கம்பி இழுக்காமல், கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்கு, இடைநிலை நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரைக்கும், பேச்சும் இணையமும் கிடைக்கும். ஒரே நேரத்தில் பேசினால் இணைய வேகம் 35 கிலோபிட், பேசாவிட்டால் 70. இன்றைய கணக்கில் சிரிப்புக்குரிய வேகம். தொலைபேசியே வராத கிராமத்துக்கு அது பெரிது. எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் என்-லோக் நிறுவனமும் சேர்ந்த ‘சாரி’ திட்டம் 2001 இறுதியில் மேலூர் வட்டக் கிராமங்களில் இணையக் குடில்களைத் திறக்கத் தொடங்கியது.

குடிலை நடத்தியவர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரரே. ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய் முதலீட்டில் கணினி, பிரிண்டர், வெப்கேம், பேட்டரி, சுவர்ப் பெட்டி, ஆண்டெனா எல்லாம் ஒரே தொகுப்பாக வந்தன. தமிழில் இயங்கும் மென்பொருளும் இருந்தது. சில குடில்களை மதுரையில் இயங்கும் தானம் அறக்கட்டளை நடத்தியது. திட்டக்காரர்கள் எதிர்பார்த்தது வேளாண் ஆலோசனையும் அரசுச் சேவையும். மக்கள் விரும்பிக் காசு கொடுத்தவற்றில் வெப்கேமில் எடுத்த போட்டோவும் கணினி ஜாதகமும் கணினி வகுப்பும் இருந்தன. இதில் குறை காண ஒன்றுமில்லை. அந்தக் காசில்தான் குடிலின் கரண்ட் பில் கட்டப்பட்டது. பயனுள்ளவையும் நடந்தன. கண் வலி என்று வந்தவரின் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினால், நேரில் வர வேண்டுமா என்று பதில் வரும். பிறப்பு, வருமானம், சாதிச் சான்றிதழ்களுக்கான மனுவைக் குடிலிலிருந்தே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்ப முடிந்தது. ஒருநாள் கூலி, பஸ் செலவு, தரகர் கையில் வைப்பது என மூன்றும் மிச்சம்.

இந்தச் சான்றிதழ் சேவைதான் முதலில் நொடித்தது. அக்கறை காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனபின் அலுவலகம் மின்மனுக்களைக் கவனிக்கவில்லை. திட்டத்தைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் மைக்கேல் பெஸ்ட்டும் ராஜேந்திர குமாரும் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மனு அனுப்பிக் காத்திருந்தவர் மீண்டும் பஸ் ஏறினார். வருமானம் குறைந்த குடில்கள் ஒவ்வொன்றாக மூடின. கருவியில் கோளாறு வந்தால் பழுதுபார்க்க ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. அரவிந்த் மருத்துவமனை மட்டும் அந்த வழியை விடவில்லை. தேனி மாவட்டத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு நெடுந்தூர வைஃபை இணைப்பில் கண் பரிசோதனை மையங்களை நிறுவியது. பொதுக் குடிலாக இல்லாமல் ஒரே வேலைக்கென அமைந்ததால் அவை நிலைத்தன.

மேலூர்க் குடில்களுக்குக் கடைசி அடி கைப்பேசி. 1995இல் இந்தியாவுக்கு வந்தபோது அழைப்பை ஏற்பதற்கும் காசு. 2003 மே மாதம் உள்வரும் அழைப்பு இலவசமானது. அதே ஆண்டு வெளிவந்த நோக்கியா 1100, தூசி புகாத விசைப்பலகையோடும் டார்ச்சோடும் கிராமத்துக்குப் பொருந்தியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கியது. பூத்துக்கு வந்தவர் ‘மிஸ்டு கால்’ கொடுக்கப் பழகினார். சிவப்பு எண்கள் அணைந்தன. 2006 தேர்தலுக்குப் பின் இலவச வண்ணத் தொலைக்காட்சியும் 2011 செப்டம்பர் முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவருக்கு இலவச மடிக்கணினியும் வந்தன. 2016இல் ஜியோ வந்தபின் நிமிடக் கணக்கில் இணையம் வாங்க வேண்டிய தேவையே போனது.

மேலூரில் தோற்ற சான்றிதழ் சேவை 2010களில் அரசு இ-சேவை மையங்களாகத் தமிழகம் முழுவதும் திரும்பி வந்தது. இம்முறை வட்டாட்சியர் அலுவலகமே மின்மனுவை ஏற்கும்படி வேலைமுறை மாற்றப்பட்டிருந்தது. எஞ்சிய பிரவுசிங் சென்டர்கள் தேர்வு வாரிய விண்ணப்பம், பான் அட்டை, ஆதார் திருத்தம், பிரிண்ட் அவுட், லேமினேஷன் என்று மாறின. கையில் ஸ்மார்ட்போன் இருப்பவரும் படத்தைக் குறித்த கிலோபைட் அளவுக்குச் சுருக்கத் தெரியாமல் அங்கேதான் போகிறார். இப்போது வாங்குவது மணிக்கணக்குக் காசு அல்ல; ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு.