சுதந்திரமும் இனாமும்

வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூர், நெசவால் பெயர்பெற்ற பகுதி. குழித்தறியில் அமர்ந்து நாள் முழுதும் மிதிகட்டையை மிதித்தவருக்குத் தோளும் இடுப்பும் பிடித்துக்கொள்வது புதிதன்று. அவர் சுளுக்கு எடுப்பவரைத் தேடிப் போவார். அவரும் நல்லெண்ணெயைச் சுடவைத்து, நரம்பைத் தடவிப் பார்த்து, நீவிவிடுவார். வலி இறங்கும். எழும்போது ஒரு தயக்கம் பிறக்கும். "எவ்வளவு தரட்டும்?" என்றால், "உங்கள் விருப்பம்" என்பார். விலை சொல்லிக் கேட்டால் கைராசி போய்விடும் என்று நம்புவோரும் உண்டு. கொடுப்பவர் வெற்றிலையின்மேல் பணத்தை வைத்து நீட்டுவார்.

இந்தத் தயக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

எண்ணெய் தேய்த்தல், எலும்பு கட்டுதல், புண்ணுக்கு மருந்திடல், பேறு பார்த்தல் ஆகியவை தமிழகச் சிற்றூர்களில் பெரும்பாலும் நாவிதர் குடும்பங்களின் பொறுப்பில் இருந்தன. அச்சமூகத்திற்கு 'மருத்துவர்' என்றும், பேறு பார்த்த பெண்களுக்கு 'மருத்துவச்சி' என்றும் பெயர் வழங்கியது இதனால்தான். இவர்களுக்கு அன்றன்று காசு தரும் வழக்கம் இல்லை. அறுவடைக் களத்தில் நெல் அளக்கும்போது, வீட்டுக்குப் போகுமுன்பே இவர்களுக்குரிய பங்கு பிரிக்கப்பட்டது. அதற்கு 'மேரை' என்று பெயர். 'சுதந்திரம்' என்றும் பெயர். இன்று விடுதலையைக் குறிக்கும் அதே சொல், பழைய வருவாய்க் கணக்குகளில் ஊர் ஊழியரின் பரம்பரை உரிமைப் பங்கைக் குறித்தது.

இன்னும் பின்னோக்கிப் பார்ப்போம். 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையைக் கூறுகிறது. அங்கே வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். நாவிதருக்கு 15 கலம் நெல். தொகையில் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆனால் நாவிதரின் பங்கு எவருடைய மனநிலையையும் நம்பி இருக்கவில்லை; கல்லில் வெட்டப்பட்டிருந்தது.

இதனால் பழமை பொற்காலம் என்று எண்ணிவிடக் கூடாது. நெல் உரிமையாக வந்தது, மரியாதை வரவில்லை. உடல் வலியைத் தீர்த்த கையைத் திண்ணையில் ஏறவிடாத ஊர்கள் பல. மகன் வேறு தொழில் தேட விரும்பினாலும், சாதி அவனைக் கட்டிப்போட்டது. சுதந்திரம் என்ற பெயரில் கிடைத்த நெல்லோடு சுதந்திரமின்மையும் சேர்ந்தே அளக்கப்பட்டது.

பின்னர் ஆங்கிலேயர் ஆட்சி ஊழிய மானியங்களை 'இனாம்' என்ற தலைப்பின்கீழ்க் கொண்டுவந்தது. கொடை என்று பொருள்படும் அரபுச் சொல் அது. 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் ஆணையம் அமைந்து, அந்நிலங்களை ஆராய்ந்து பதிவு செய்தது. விடுதலைக்குப் பின், 1963இல் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டம் வந்தது. களத்துப் பங்கும் காலப்போக்கில் மறைந்தது. சாதிக்கட்டு தளர்ந்தது நன்மையே. ஆயினும் உரிமை போன இடத்தை நியாயமான ஊதியம் முழுதும் நிரப்பவில்லை. "உங்கள் விருப்பம்" என்ற சொல் அங்கே வந்து அமர்ந்தது. இனாம் என்றால் இலவசம் என்றே இன்று பொருள் கொள்கிறோம்.

இன்று நகரத்தில் உடல் பிடித்துவிடும் நிலையங்கள் பல உண்டு. அங்கும் அதே தயக்கம்தான். முன்மேசையில் கட்டணம் செலுத்துகிறோம். நம்மைத் தொட்டு உழைத்தவர் கதவோரம் நிற்கிறார். கட்டணத்தில் அவருக்கு எவ்வளவு சேரும் என்று கேட்பதில்லை. ஒரு நோட்டைச் சுருட்டி, முகம் பாராமல் திணித்துவிட்டு வருகிறோம்.

எப்படித் தரவேண்டும் என்பதற்கு அந்த வெற்றிலையே விடை சொல்லும். முதலில் கூலி, அது கடன். அதன் மேலே தருவது அன்பளிப்பு. கூலியைக் குறைத்துவிட்டு அன்பளிப்பால் ஈடு செய்ய முடியாது. அன்பளிப்பையும் உழைத்தவர் கையிலேயே, முகம் பார்த்து, ஒரு நன்றிச் சொல்லோடு தரவேண்டும். "உங்கள் விருப்பம்" என்று அவர் சொன்னால், அதை நம் சிக்கனத்துக்குக் கிடைத்த அனுமதியாகக் கொள்ளலாகாது. அது நம் நேர்மைக்கு வைக்கப்பட்ட சோதனை.

நம் வலியைத் தன் விரல்களில் வாங்கிக்கொண்டவருக்கு நாம் தருவது இனாமா, சுதந்திரமா? அடுத்த முறை பணப்பையைத் திறக்கும்போது இக்கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்வோம்.