விற்கப்பட்ட தரங்கம்பாடி: இறையாண்மையும் மக்கள் நலனும்

தாய்நாட்டினின்று கடல் கடந்து கிடக்கும் ஒரு சிறு நிலப்பகுதியைத் தன்னுடையதென ஓர் அரசு உரிமை கொண்டாடும்போது, இரண்டு கடமைகளை அது ஏற்றுக்கொள்கிறது. அந்நிலத்தின்மீது தனக்குள்ள இறையாண்மையைக் காப்பது ஒன்று. அங்கு வாழும் மக்களின் நலனைக் காப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே என்பதுபோல் அரசுகள் பேசுவது வழக்கம். அவை உண்மையில் ஒன்றுதானா என்று ஆராய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நமது சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடி, 1620 முதல் 1845 வரை 225 ஆண்டுகள் டென்மார்க்கு நாட்டின் ஆட்சிப்பகுதியாக இருந்தது.

திருச்சபை வரலாற்றைப் பயிலும் நாம், தரங்கம்பாடியின் கதையைப் பெரும்பாலும் 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்குவும் புளூட்சோவும் கரையிறங்கிய நாளிலிருந்தே தொடங்குகிறோம். அதற்கு முன்னும் பின்னும் அவ்வூர் எவருடைய உடைமையாக, எவ்வகையில் காக்கப்பட்டது என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அதனைக் கவனிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொன்னேட்டு மடல்

டென்மார்க்கு அரசர் நான்காம் கிறிஸ்தியான் 1616இல் ஒரு கிழக்கிந்தியக் கும்பெனியை நிறுவினார். 1618இல் ஓவே கெட்டே என்பவரின் தலைமையில் புறப்பட்ட கப்பல்கள் நாடியது தஞ்சையை அன்று. இலங்கையின் கண்டி அரசையே அவர்கள் நாடி வந்தனர். அங்கே எண்ணியது கைகூடவில்லை. இதற்கிடையில், முன்னதாக அனுப்பப்பட்ட ஒரு கப்பல் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியரின் தாக்குதலுக்கு ஆளாகி அழிந்தது. அதில் வந்த ரோலண்ட் கிராப்பே உயிர் தப்பித் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தார். இந்த எதிர்பாராத சந்திப்பே 1620 நவம்பரில் ஏற்பட்ட உடன்படிக்கைக்கு வழிவகுத்தது. கடற்கரைச் சிற்றூராகிய தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வாணிகம் நடத்தவும் டேனியருக்கு உரிமை கிடைத்தது. டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. நாயக்கர் டென்மார்க்கு அரசருக்குத் தமிழில் எழுதியனுப்பிய பொன்னேட்டு மடல் இன்றும் கோப்பன்கேகனில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இவ்வுரிமையின் தன்மையை நாம் நுணுகி நோக்க வேண்டும். டேனியர் தரங்கம்பாடியை வென்று எடுக்கவில்லை. விலைக்கு வாங்கவும் இல்லை. ஆண்டுதோறும் தஞ்சை அரசுக்குத் திறை செலுத்தும் நிபந்தனையின்மீதே அதனைப் பெற்றனர். கோட்டையின்மீது டேனியக் கொடி பறந்தது. ஆயினும் திறை தஞ்சைக்குச் சென்றது. ஆகவே டேனியரின் இறையாண்மை தொடக்கத்திலேயே முழுமையற்றதாக, தஞ்சை அரசின் இசைவைச் சார்ந்ததாக இருந்தது. இதனை மறந்து, ஐரோப்பிய அரசு ஒன்று தன் நிலத்தைத் தானே ஆண்டதாக எழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

மறந்த தாய்நாடும் காத்த ஊராரும்

ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளமும் நான்கு கிலோமீட்டர் அகலமும் கொண்ட இந்நிலத்தை டென்மார்க்கு எவ்வளவு அக்கறையோடு காத்தது? 1643 முதல் 1669 வரை ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. ஐரோப்பாவில் நிகழ்ந்த போர்களால் டென்மார்க்கு நலிவுற்றிருந்தது. 1650இல் கும்பெனியே கலைக்கப்பட்டது. கோட்டையில் இருந்த டேனியர் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். இறுதியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்னும் எளிய குடியில் பிறந்த ஒருவரே எஞ்சினார். திறை நிலுவைக்காகத் தஞ்சைப் படை நெருக்கியபோது அவர் ஊராரின் துணையோடு நகரைச் சுற்றி மதில் எழுப்பினார்; உள்ளூர் ஆட்களை அமர்த்திக் கப்பலோட்டினார்; கொடியை இறக்காமல் காத்தார். 1669இல் டென்மார்க்குக் கப்பல் ஒன்று வந்தபோதுதான் தனக்கு இன்னும் ஓர் இந்திய ஆட்சிப்பகுதி இருப்பதை அந்நாடு உறுதியாக அறிந்தது எனலாம்.

இந்த ஆண்டுகள் நமக்கு ஓர் உண்மையை எடுத்துக்காட்டுகின்றன. அக்காலத்தில் டேனிய இறையாண்மையைக் காத்தவை கோப்பன்கேகனின் கப்பற்படையோ கருவூலமோ அல்ல. தரங்கம்பாடியில் வாழ்ந்த தமிழ் மக்களின் உழைப்பே. ஆனால் வரலாற்று நூல்களில் கொங்ஸ்பாக்கேயின் பெயர் உண்டு. மதிலுக்குக் கல் சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை.

தரங்கம்பாடி தன் வலிமையால் மட்டும் நிலைத்து நிற்க இயலாது என்பது 1699இல் மீண்டும் புலனாயிற்று. தஞ்சை மராத்திய மன்னரின் படை நகரை முற்றுகையிட்டது. சென்னையில் ஆங்கிலக் கும்பெனியின் ஆளுநராயிருந்த தாமஸ் பிட் உதவிப் படை அனுப்பினார்; முற்றுகை நீங்கியது. ஒரு சிறு ஆட்சிப்பகுதி பெரிய அண்டைவீட்டாரின் தயவில் வாழும் நிலை அன்றே தொடங்கிற்று. எந்தக் கை காத்ததோ, பின்னர் அந்தக் கையே அதனைக் கைப்பற்றியது.

ஒரு கைம்பெண்ணின் வழக்கு

மக்களின் நலனைக் குறித்து ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவுகூர்வது தகும். 1708இல் தமிழ் நாவிதர் ஒருவரின் கைம்பெண், தன் மறைந்த கணவருக்கும் கும்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இடையிலிருந்த கடன் வழக்கில் நீதி நாடிச் சீகன்பால்குவின் உதவியை வேண்டினார். சீகன்பால்கு அவ்வேழைக்காகத் தளபதி ஹாசியஸிடம் மீண்டும் மீண்டும் பரிந்து பேசினார். தளபதி இதனைத் தம் அதிகாரத்தில் தலையிடுவதாகக் கருதினார். விசாரணைக்கு அழைக்கப்பட்ட சீகன்பால்கு கைது செய்யப்பட்டு, டேன்ஸ்பர்க் கோட்டையில் நான்கு மாதங்கள் சிறையிருந்தார்.

சீகன்பால்குவை அனுப்பியவர் டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக். அவரைச் சிறையிட்டவர் அதே அரசரின் கொடியின்கீழ்ப் பணியாற்றிய தளபதி. இம்முரண்பாட்டை அரசருக்கும் கும்பெனிக்கும் இடையிலான பூசலென்று மட்டும் கொள்வது போதாது. கோட்டை எதற்காகக் கட்டப்பட்டது என்னும் கேள்வியே அங்கு எழுந்தது. வாணிகத்தையும் அதிகாரத்தையும் காக்க அது கட்டப்பட்டதெனில் தளபதியின் செயல் முறையானதே. ஊர் மக்களையும் காக்க அது கட்டப்பட்டதெனில், கடன் வழக்கில் நீதி கேட்ட ஓர் ஏழைக் கைம்பெண்ணுக்காகப் பேசியவர் சிறைப்பட்டிருக்கக் கூடாது.

எனினும் அருட்பணியும் அரச கொடியின் நிழலை நாடியே வந்தது என்பதை நாம் மறைத்தல் கூடாது. அச்சகமும், 1714இல் அச்சேறத் தொடங்கிய தமிழ்ப் புதிய ஏற்பாடும், 1718இல் அமைந்த புதிய எருசலேம் ஆலயமும் அந்நிழலில் உருவானவையே. நிழலில் நின்றுகொண்டே அந்நிழலைத் தருபவரிடம் நீதி கேட்பது எளிதன்று என்பதைச் சீகன்பால்குவின் சிறைவாசம் காட்டுகிறது.

விலை பேசப்பட்ட நிலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடி ஓரளவு செழித்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதபோது டென்மார்க்கு நடுநிலை வகித்தது. நடுநிலைக் கொடியின்கீழ்ச் சரக்கேற்றுவது பலருக்கும் ஆதாயமாயிற்று. 1777இல் அரசே நிர்வாகத்தை நேரடியாக ஏற்றது. ஆனால் நெப்போலியன் காலத்துப் போர்களில் அந்நடுநிலை குலைந்தது. ஆங்கிலேயர் 1801இல் நகரைக் கைப்பற்றி அடுத்த ஆண்டு திருப்பித் தந்தனர். 1808இல் மீண்டும் கைப்பற்றி 1815 வரை வைத்திருந்தனர். கொடி மீண்டும் ஏறியது; வாணிகம் மீளவில்லை. இங்கிலாந்தின் இயந்திர ஆலைத் துணி, சோழமண்டல நெசவாளரின் சந்தையைப் பறித்துவிட்டது. 1799இல் தஞ்சை அரசின் நிர்வாகம் ஆங்கிலக் கும்பெனியிடம் சென்றபின், தரங்கம்பாடி நிலப்புறத்தில் ஆங்கிலேயராலேயே சூழப்பட்டிருந்தது.

1845 பிப்ரவரி 22ஆம் நாள் கல்கத்தாவில் விற்பனை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தரங்கம்பாடியும் வங்காளத்தின் செராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பெனிக்கு விற்கப்பட்டன. அவ்வாண்டு முடிவதற்குள் டேனியக் கொடி இறங்கியது. ஊர் மக்களின் விருப்பத்தை அறிய எந்த வாக்கெடுப்பும் நடைபெறவில்லை.

ஊர்கள் இவ்வாறு கைமாறுவது அக்காலத்தில் புதுமையன்று. இக்கட்டுரை எழுதப்படும் பொழிச்சலூரையும் பம்மல், பல்லாவரம் முதலிய ஊர்களையும் சூழ்ந்த செங்கல்பட்டுச் சீமை, 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலியால் ஆங்கிலக் கும்பெனிக்கு ஜாகீராக அளிக்கப்பட்டது. உழுதவரையும் நெய்தவரையும் எவரும் கலந்துகொள்ளவில்லை. ஆயினும் தரங்கம்பாடியின் நிலை இன்னும் விந்தையானது. திறை செலுத்திக் குடியிருக்க இசைவு பெற்றவர், இறுதியில் வீட்டையே விற்றுப் பணம் பெற்றுச் சென்றார். பொன்னேட்டில் எழுதப்பட்ட நட்பு விலைச்சீட்டில் முடிந்தது.

அவ்வுடன்படிக்கையில் ஒரு நிபந்தனை நம் இறையியல் கல்லூரிகளுக்கு நெருங்கிய தொடர்புடையது. செராம்பூர்க் கல்லூரிக்கு ஆறாம் பிரடெரிக் 1827இல் அளித்த அரச சாசனத்தின் உரிமைகள் விற்பனைக்குப் பின்னும் செல்லும் என்று அது உறுதி செய்தது. இன்று இந்தியாவெங்கும் இறையியல் மாணவர் பெறும் செராம்பூர்ப் பட்டங்களின் வேர் அச்சாசனத்தில் இருக்கிறது. நிலத்தை விற்ற அரசு ஒரு கல்லூரியின் உரிமையை மட்டும் விற்க மறுத்தது. கோரிக்கையும் சாசனமும் உடையவர்களுக்கு நிபந்தனை எழுத முடிந்தது என்பதே இதன் பொருள். தரங்கம்பாடியின் மீனவருக்கும் நெசவாளருக்கும் அத்தகைய சாசனம் இல்லை. விற்பனைக்குப்பின் சில காலம் மாவட்டத் தலைமையிடமாக விளங்கிய அவ்வூர், 1861இல் நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை வந்தபின் வாணிகத்தை அறவே இழந்தது.

பின்னாளில் கற்ற பாடம்

டென்மார்க்கு 1850இல் ஆப்பிரிக்கப் பொற்கரைக் கோட்டைகளையும், 1868இல் நிக்கோபார்த் தீவுகளின் உரிமையையும் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது. 1917இல் மேற்கிந்தியத் தீவுகளை இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு விற்றது. அவ்விற்பனை குறித்து 1916 டிசம்பரில் டென்மார்க்கு மக்கள் வாக்களித்தனர். தீவு மக்களுக்கு அவ்வாக்குரிமை அளிக்கப்படவில்லை. தரங்கம்பாடிக்கு நிகழ்ந்ததே எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நிகழ்ந்தது.

ஆனால் 2019இல் அமெரிக்க அதிபர் கிரீன்லாந்தை வாங்க விரும்பியபோதும், 2025இல் அக்கோரிக்கை மீண்டும் எழுந்தபோதும் டென்மார்க்கு வேறு மொழியில் பேசியது. கிரீன்லாந்து விற்பனைக்கு இல்லை. அது கிரீன்லாந்து மக்களுக்கே உரியது என்பதே அதன் விடை. 2009ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டம், கிரீன்லாந்தியரைத் தம் எதிர்காலத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையுடைய ஒரு மக்களினமாக ஏற்கிறது. தரங்கம்பாடியை விற்ற அரசும், விற்கமாட்டோம் எனச் சொல்லும் அரசும் ஒன்றே. இடையே மாறியது கப்பற்படையின் வலிமையன்று. நிலத்தின் உரிமையாளர் யார் என்ற கேள்விக்கான விடையே மாறியது.

இதிலிருந்து நாம் பெறும் முடிபு தெளிவானது. ஒரு சிறு நிலப்பகுதியின் இறையாண்மை, அங்கு வாழும் மக்களின் இசைவில் வேரூன்றாதவரை, கோட்டையும் மதிலும் அதனைக் காப்பதில்லை. அரசுக்கு ஆதாயமுள்ளவரையே அது நிற்கும். ஆதாயம் நீங்கியதும் விலை பேசப்படும். மக்களின் நலன் இறையாண்மையின் பின்விளைவன்று, அதன் அடிப்படை.

திருச்சபை வரலாற்றை எழுதுவோருக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. தரங்கம்பாடியின் கதையை அரசர்கள், ஆளுநர்கள், மிஷனெரிகள் ஆகியோரின் பெயர்களோடு நிறுத்திவிடாமல், மதிலைக் கட்டியவர்களையும் நீதி கேட்ட கைம்பெண்ணையும், கொடி மாறிய நாளில் கேட்கப்படாதிருந்த குடிகளையும் அதன் நடுவில் வைத்து எழுதுதல் வேண்டும். அவர்கள் நின்ற மண்ணையே அரசுகள் தம் இறையாண்மை என்று அழைத்தன.